மணிச்சத்தத்துக்குள் வந்தவர்களும் வராதவர்களும்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். பாட்டிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசைவிட்டுப் போகவே இல்லை. மலையிலிருந்து வந்த அந்த வயசான மனோபோ பூர்வகுடி அம்மாவைப் பார்த்து உன் ஆஸ்பத்திரி வார்டில் ஒருவர், "இவங்களுக்கெல்லாம் சொன்னாப் புரியாது" என்றாராமே. சொன்னவரும் அதே தாவோக்காரர்தானே, ஏன் இப்படி என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு நாலு நிமிஷப் பேச்சு போதாது, அதனால்தான் கடிதம்.

மலைக்காரர், சமவெளிக்காரர் என்ற இந்தப் பிரிவினை உங்கள் பிலிப்பைன்ஸில் ஆழமாக வேர்விட்டது ஸ்பானியர் ஆட்சியில்தான். 1565-ல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி செபு தீவில் வந்து இறங்கியபோது தெற்கே சுல்தான்களின் ஆட்சி இருந்தது. மற்றத் தீவுகளில் பெரும்பாலும் பரங்காய் என்ற சின்னச் சின்ன ஊர்கள்தான். முப்பது முதல் நூறு குடும்பம், அதற்கு ஒரு தாத்து, அதாவது தலைவர். பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். கடனில் விழுந்தவன் அடிமையானான், ஊருக்கு ஊர் கொள்ளையும் நடந்தது. ஆனால் நோய் தீர்க்கவும், விதைப்புக்கும் அறுவடைக்கும் சடங்கு செய்யவும் பபாய்லான் என்று ஒருவர் இருந்தார். பெரும்பாலும் பெண். தாத்துவும் அவர் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தார். டாக்டராகப் போகிற நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாதிரிமார்களுக்கு ஒரு சிக்கல். சனங்கள் ஆற்றோரத்திலும் வயலோரத்திலும் சிதறிக் கிடந்தார்கள். மதம் மாற்றவும் முடியவில்லை, வரி வாங்கவும் முடியவில்லை. அதனால் கோயில் மணிச்சத்தம் காதில் விழுகிற தூரத்துக்குள் எல்லாரும் குடியேற வேண்டும் என்றார்கள். வந்தவர்களுக்கு ஞானஸ்நானம், கூடவே வரி, வருஷத்துக்கு நாற்பது நாள் கட்டாய வேலை. மெக்சிகோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்குப் போகிற பெரிய கப்பல்களுக்குக் காட்டில் மரம் வெட்டி இழுத்து வருவதும் அதில் சேர்த்தி. அந்த நாற்பது நாளைப் பதினைந்தாகக் குறைக்கவே 1884 ஆகிவிட்டது! பொறுக்க முடியாதவர்கள் மலைக்கு ஓடினார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கீழே தங்க, தம்பி மேலே ஏறியிருப்பான். கீழே இருந்தவன் 'கிறிஸ்தவன்', மேலே போனவன் 'காட்டான்'. பபாய்லான்களைச் சூனியக்காரர் என்றார்கள், வணங்கிய சிலைகளை எரித்தார்கள். 1621-ல் போஹோல் தீவில் தம்ப்லோட் என்ற பூசாரி அதை எதிர்த்துக் கலகமே செய்தார். படை வந்து அடக்கிவிட்டது.

வடக்கே இஃபுகாவோ மலையில் படிப்படியாக வெட்டிய நெல்வயல்களின் படத்தை உன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்திருப்பாய். இரண்டாயிரம் வருஷப் பழமை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அங்கே அகழாய்வு செய்தவர்களில் சிலர் இப்போது வேறு சொல்கிறார்கள். ஸ்பானியர் பள்ளத்தாக்குக்குள் வந்த பிறகு, தப்பி மேலே போன சனம்தான் அந்த நெல்வயல்களை வேகமாகப் பெருக்கியதாம். இது உறுதியானால், பிழைக்கத் தெரியாமல் ஒதுங்கியவர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிபணியாமல் இருக்கவும் நெல்லும் நீரும் வேண்டும் என்று கணக்குப்போட்டு உழைத்தவர்கள் அவர்கள்.

வார்டில் பேசியவரின் குடும்பப் பெயர் ஸ்பானியப் பெயர் என்றாயே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1849-ல் கவர்னர் கிளாவெரியா ஒரு பெயர்ப்பட்டியல் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார். வரிப் புத்தகத்தில் ஆளை அடையாளம் காண வசதியாக, குடும்பம் தோறும் அதிலிருந்து ஒரு பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும். சில ஊர்களில் எல்லார் குடும்பப் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதனால்தான். ஆகவே அந்தப் பெயரை வைத்து ஸ்பானிய ரத்தம் என்று நினைத்துவிடாதே. அவரைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், பல தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவரும் சொல்கிறார்.

உங்கள் தாவோவுக்கு ஸ்பானியர் வந்து நிலைகொண்டதே 1848-ல்தான். அதனால்தான் பகோபோ, மனோபோ, மண்டாயா சனங்களின் பழைய வழக்கங்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. அவர்களுடைய நிலம் பெரும்பாலும் கைமாறியது அதற்கும் பிறகு. அமெரிக்கர் காலத்தில் கயிற்றுக்கு நார் தரும் அபாக்கா தோட்டங்கள் வந்தன, அடுத்து வடக்கிலிருந்து குடியேற்றம். பூர்வகுடிகளின் நில உரிமைக்குச் சட்டம் 1997-ல்தான் வந்தது.

அந்த அம்மா எவ்வளவு தூரம் நடந்து, எத்தனை வண்டி மாறி வந்தார் என்று யாராவது கேட்டீர்களா? மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று அவருடைய மொழி தெரிந்த ஒருவரை வைத்துச் சொன்னீர்களா? அடுத்த முறை வந்தால் நீ கேள். உட்காரவைத்துக் கேள்.

லீவுக்கு மணிலா வழியாக வரும்போது நேரம் இருந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போ, கட்டணம் இல்லை. மணிலாவுக்குப் பக்கத்து லகுனா மாகாணத்தில் மணல் அள்ளும்போது கிடைத்த ஒரு செப்பேடு அங்கே இருக்கிறது. ஒரு தாள் அளவுதான், பத்து வரி. கி.பி. 900-ஐச் சேர்ந்தது. நம்வரன் என்பவர் பட்ட தங்கக் கடனை அடைந்ததாக அறிவித்து, அவர் பிள்ளைகளை விடுவித்த பத்திரம் அது. அதிலுள்ள 'காவி' என்ற பழைய ஜாவா எழுத்துக்கு மூலம் நம் பல்லவர் எழுத்து. உன் தோழிகள் யாராவது மணிலாவில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

பரீட்சைத் தேதி தெரிந்ததும் சொல்.

அன்புடன்,
அம்மா