எங்கள் பெயரில் எவ்வளவு வாங்கினார்கள் என்று எங்களுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்று அடிக்கடி செய்தி போடுகிறீர்கள். போடுங்கள், நல்லதுதான். ஆனால் யாருடைய பெயரைச் சொல்லி மருத்துவமனை பணம் வாங்குகிறதோ அந்த நோயாளிக்கே தொகை எவ்வளவு என்று தெரிவதில்லை.

போன வருஷம் என் மாமியாருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் சேர்த்தோம். அப்ரூவல் வந்த பிறகும் டெஸ்டுக்குத் தனி, மருந்துக்குத் தனி என்று வாங்கிக்கொண்டே இருந்தார்கள், ரசீது கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்கள். நோயாளியை உள்ளே படுக்கவைத்துவிட்டு கவுண்டரில் நின்று விதி பேச யாருக்கு மனசு வரும்? இந்தத் திட்டத்தோடு இணைந்திருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு விதிப்படி, சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்தும்கூட திட்டத்திலேயே அடக்கம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிளம்பும் நாளில் ஏதேதோ தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். காப்பீட்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்று இன்றுவரை ஒரு தகவலும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

இது சின்னப் பணம் இல்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக ஆரம்பித்து, 2012இல் பெயரும் கம்பெனியும் மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, இப்போது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை என்று நிற்கிறது. 2022இல் போட்ட ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு 849 ரூபாய் பிரீமியம், சுமார் 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள், பெருக்கினால் ஆயிரம் கோடியைத் தாண்டிவிடுகிறது. மத்திய அரசு தன் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் பிரீமியத்தில் 60 சதவீதம் தருகிறது, மீதியெல்லாம் மாநிலத்தின் தலையில்தான்.

இவ்வளவு பணத்துக்குக் கண்காணிப்பு எப்படி? ஆயுஷ்மான் பாரத் பற்றி 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற அமைப்பு) அறிக்கையைப் பாருங்கள். நாடு முழுக்க சுமார் ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு 9999999999 என்ற ஒரே போன் நம்பர்! செத்துப்போனவர்கள் என்று கணினியிலேயே பதிவானவர்களுக்குத் திரும்பவும் சிகிச்சை கொடுத்ததாகப் பணம் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 7 ஆதார் எண்களில் 4,761 பதிவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஓய்வூதியர்கள் பயனாளிகள் பட்டியலில். இந்தப் பக்கம் செக்யூரிட்டி வேலை பார்த்து மாசம் 12,000 வாங்குகிறவர், ஆண்டு வருமானம் 1,20,000 தாண்டிவிட்டது என்பதால் அட்டை கிடைக்காமல் தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைகிறார். (வருமானச் சான்றிதழ் கதையை ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.)

ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் அடுத்த நிமிஷம் போனுக்கு மெசேஜ் வருகிறது. வாங்காத பாமாயிலுக்கு மெசேஜ் வந்ததும் எங்கள் தெருப் பெண்கள் நேராகக் கடைக்கே போய்ச் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வந்த கதையும் உண்டு. படிக்காதவர்களுக்கு மெசேஜ் அனுப்பி என்ன பயன் என்று கேட்கிற அதிகாரிகள் ஒருநாள் ரேஷன் கடை வாசலில் வந்து நிற்கட்டும். அதேபோல நோயாளியின் போனுக்கும் என்ன சிகிச்சை, காப்பீட்டில் எவ்வளவு, நோயாளி கையிலிருந்து வாங்கக்கூடியது பூஜ்ஜியம் என்று தமிழில் மூன்று வரி, டிஸ்சார்ஜ் அன்றே அனுப்பினால் போதும், துண்டுச் சீட்டு வியாபாரம் பாதியாவது அடங்கும். அதற்கு முதலில் பதிவில் இருக்கிற போன் நம்பர் உண்மையாக இருக்க வேண்டும், சரிதான், அதையும் ரேஷன் அட்டையிலிருந்தே எடுக்கலாமே.

புகாரை விசாரிக்க மாவட்டந்தோறும் கலெக்டர் தலைமையில் குழு இருக்கிறது. இந்தக் குழுக்கள் எத்தனை பேருக்கு மருத்துவமனைகளிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தன, எத்தனை மருத்துவமனைகளைத் திட்டத்திலிருந்து நீக்கின என்று மாவட்டவாரியாக ஒரு பட்டியல் வெளியிட்டால் என்ன? அடுத்த முறை அமைச்சர் பயனாளிகள் எண்ணிக்கையைச் சொல்லும்போது உங்கள் நிருபர் இந்தப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்.