எனக்குப் பாரணை செய்துவைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

செவ்வாய் முருகனுக்கு விரதம், வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, நடுநடுவே ஏகாதசி, பிரதோஷம். இரண்டு வருடமாக வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "இந்த வயசுல என்ன பக்தி!" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நானும் பக்தி என்றுதான் நம்பினேன், முடி கொத்தாக உதிர்ந்தபோதும், மாதவிலக்கு நின்றபோதும்கூட.

டாக்டரம்மா, முதல் நன்றி உங்களுக்கு. அனோரெக்சியா என்ற பெயரை, சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோயின் பெயரை, சொல்லும் முன்பே ஒரு கேள்வி கேட்டீர்கள்: "விரதம்னா பாரணைனு ஒண்ணு இருக்கணுமே, உனக்கு அது எப்போ?" ஏகாதசி இருப்பவர்கள் துவாதசி காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துச் சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள், அதுதான் பாரணை. எனக்குத் துவாதசியே வந்ததில்லை. சாமியை விட்டுவிடு என்று நீங்கள் சொல்லியிருந்தால் அன்றே எழுந்து போயிருப்பேன்.

வார்டில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள். நாள்பட்டுப் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று சோறு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயமே தடுமாறுமாம். தினமும் ரத்தம் எடுக்க வந்து, நரம்பு கிடைக்காமல் என்னைவிட வருத்தப்பட்ட நர்ஸ் அக்காவுக்கு நன்றி. நான் திட்டியதை எல்லாம் கேட்டுக்கொண்டு மறுநாளும் சிரித்தபடி வந்த டயட்டீஷியனுக்கும்.

அப்புறம், குருக்கள் ஐயா. வீட்டுக்கு வந்த பிறகும் விரதத்தை விட்டால் குற்றமாகிவிடுமோ என்ற பயம் போகவில்லை. "நோயாளிக்கு விரதம் விலக்கும்மா. உனக்குச் சோறுதான் மருந்து. சாப்பிட்டுட்டு வந்து கும்பிடு, முருகன் கோவிச்சுக்க மாட்டான்" என்று சொல்லி ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்தீர்கள். நெய் அடியில் கசிந்து உள்ளங்கை முழுக்கப் பிசுபிசுத்தது. தூணோரம் உட்கார்ந்து அதைத் தின்று முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. நீங்கள் பார்க்காத மாதிரியே விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தீர்கள். பார்த்திருந்தால் முடித்திருக்க மாட்டேன்.

அத்தை, மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியே சாப்பிட வைத்தவள் நீ. வடலூருக்குக் கூட்டிப்போனதும் நீதான். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அங்கே பசியாற்றுவதுதான் வழிபாடு. பரிமாறியவர் "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டபோது எனக்கு முன்பே நீ தலையாட்டினாய். அப்போது வந்த கோபம் இப்போது இல்லை.

பக்தியாலேயே குணமாகிவிட்டாள் என்று யாராவது சொன்னால் மட்டும் எரிச்சல் வருகிறது. கவுன்சலிங் இன்னும் நடக்கிறது, சில நாள் தட்டைப் பார்த்ததும் வயிறு இறுகத்தான் செய்கிறது.

ஐப்பசியில் கந்தசஷ்டி வருகிறது. ஆறு நாளும் சாப்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்கு வருவேன். குருக்கள் ஐயா, எனக்கு ஒரு தொன்னை எடுத்துவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெண்