அந்தப் பட்டியலை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்காதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் உன்னைப் போலவே தோற்றாலும் விடாமல் வாதாடுகிறாள். பெரியவர் இன்னும் அதே நாற்காலியில்தான். மற்றதெல்லாம் பிறகு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய மனிதன் – ஜீப்ரா மீன் மரபணுப் பட்டியலை உட்கார்ந்து பார்த்தேன். வரிக்கு ஒரு மனித மரபணு, எதிரே ஒரு மீன் மரபணு. ஒரு இடம்கூட இடிக்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டு பக்கமிருந்தும் பிளாஸ்ட் (ஒத்த தொடர்களைத் தேடும் நிரல்) ஓட்டி, இதற்கு அது முதல் பொருத்தம், அதற்கு இது முதல் பொருத்தம் என்று வந்ததை ஜோடி சேர்த்திருக்கிறாய். வேகமான வழி, முதலில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் பிளாஸ்ட் சொல்வது இரண்டு புரதத் தொடர்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை மட்டும். ஆர்த்தோலாக் என்பது சாயலைப் பொறுத்த விஷயம் அல்ல, வரலாற்றைப் பொறுத்தது. பரிணாம உயிரியலாளர் வால்டர் ஃபிட்ச் 1970-லேயே இதைக் கறாராகப் பிரித்துவைத்தார்: இரண்டு மரபணுக்கள் கடைசியாகப் பிரிந்தது இனம் பிரிந்தபோது என்றால் ஆர்த்தோலாக், மரபணு இரட்டித்தபோது என்றால் பேராலாக்.

குருத்தெலும்பு உருவாகத் தேவையான சாக்ஸ்9 மரபணுவின் வரியை எடுத்துப் பார். எதிரே சாக்ஸ்9ஏ மட்டும் நிற்கிறது. சாக்ஸ்9பி எங்கே? ஜீப்ரா மீனும் அடங்கிய டீலியாஸ்ட் மீன்களின் மூதாதையில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ஜீனோம் (மொத்த மரபுத் தொகுதி) முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. பெரும்பாலான இரட்டைகளில் ஒன்று அழிந்தது. சிலவற்றில் இரண்டுமே தங்கிவிட்டன. சாக்ஸ்9 அப்படித் தங்கியது. ஏ, பி இரண்டுமே நம் சாக்ஸ்9-க்கு ஆர்த்தோலாக்தான். பிளாஸ்ட் மதிப்பெண்ணில் கொஞ்சம் முந்தியதை வைத்துக்கொண்டு மற்றதை உன் நிரல் தள்ளிவிட்டது.

இது கணக்குப் பிசகு மட்டும் என்றால் நான் இவ்வளவு பதறமாட்டேன். மனிதரில் சாக்ஸ்9 பழுதானால் எலும்புகள் வளைந்து, குழந்தை பிழைப்பதே அரிதாகிவிடும். மீனில் அந்தக் குருத்தெலும்பு வேலையை ஏ-யும் பி-யும் ஓரளவு பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. உன் பட்டியலை நம்பி ஒருவர் ஒரு பிரதியை மட்டும் முடக்குவார், மீன் பாதி நன்றாக இருக்கும், ‘இந்த மரபணு மீனில் அவ்வளவு முக்கியமில்லை’ என்று எழுதிவிடுவார். அந்த வாக்கியத்தை நம்பி அடுத்தவர் தொடங்குவார். நோய் மரபணுக்களுக்காகத்தான் அந்த ஆய்வகம் உன்னிடம் பட்டியல் கேட்கிறது என்பதை மறந்துவிடாதே.

2013-இல் ஜீப்ரா மீன் ஜீனோம் வெளியானபோதே சொன்னார்கள்: மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் ஆர்த்தோலாக் உண்டு; ஆனால் அவற்றிலும் ஒன்றுக்கு ஒன்று என்று அமைவது 47 சதவீதம்தான். உன் பட்டியலில் எல்லாமே ஒன்றுக்கு ஒன்று! அது எப்படியடா?

இதையாவது பிடித்துவிடலாம், இன்னொரு பிரதி ஜீனோமில் கண்ணெதிரே இருக்கிறது. எனக்குத் தூக்கம் கெடுவது இன்னொன்றால். மூதாதையில் ஒரு மரபணு இரட்டித்து அ, ஆ என்று ஆகிறது. பிறகு ஒரு இனம் அ-வைத் தொலைக்கிறது, மற்றது ஆ-வைத் தொலைக்கிறது. இன்று இரண்டிலும் ஒவ்வொன்றுதான் மிச்சம். முதல் பொருத்தமும் அதுதான், மறுபொருத்தமும் அதுதான். ஜோடி கச்சிதமாகச் சேரும், இரண்டும் பேராலாக். ஒரு வீட்டில் அண்ணனும் இன்னொரு வீட்டில் தம்பியும் மட்டும் மிஞ்சியிருக்க, இருவரையும் ஒரே ஆள் என்று பதிவேட்டில் எழுதுவது போல. மரபியலாளர் கெவின் வுல்ஃப் குழுவினர் 2006-இல் மரபணுக்கள் நிற்கும் வரிசையை வைத்து, முழு ஜீனோம் இரட்டித்த மூன்று ஈஸ்ட் இனங்களை ஒப்பிட்டார்கள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒற்றைப் பிரதி மரபணுக்களில் 4 முதல் 7 சதவீதம் ஆர்த்தோலாக் அல்ல என்று வந்தது. மதிப்பெண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது.

அதனால் மரபணுக்களின் வம்ச மரம் வரையாமல் தீராது. அதற்கான நிரல் ஆர்த்தோஃபைண்டர், அதை ஓட்டு. அது முதலில் மதிப்பெண்களைப் புரதத்தின் நீளத்துக்கு ஏற்பச் சரிசெய்கிறது. குட்டிப் புரதங்கள் நீளத்தில் குறைந்ததற்காகவே விடுபடுவது அதனால் குறையும். பிறகு குடும்பம் குடும்பமாக மரபணு மரம் கட்டி, இன மரத்தோடு பொருத்தி, எந்தக் கிளையில் இரட்டிப்பு நடந்தது என்று குறித்துக் கொடுக்கும். இனங்களைக் கூட்டக் கூட்ட ஒப்பீடுகளின் எண்ணிக்கை வர்க்கமாக ஏறும், ஆகவே தேடலுக்கு பிளாஸ்டைவிட வேகமான டயமண்ட் நிரலை வைத்துக்கொள். அதற்காக மனிதனையும் ஜீப்ரா மீனையும் மட்டும் கொடுத்து ஓட்டிவிடாதே. ஸ்பாட்டட் கார் மீனைக் கட்டாயம் சேர். டீலியாஸ்ட் மீன்களின் அந்த இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன வம்சம் அது, ஜீனோம் 2016-இல் வந்துவிட்டது. எலி, கோழி, மெடாகா மீனும் இருக்கட்டும். தொலைந்த பிரதி வேறொரு இனத்தில் பிழைத்திருந்தால்தான் மரம் உண்மையைச் சொல்லும். சந்தேகமான குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்து மரபணுக்களையும் பார். இரண்டு இனத்திலும் அதே அண்டைவீட்டார் நின்றால் தைரியமாக எழுதலாம்.

‘நேரமில்லை’ என்று எழுதுவாய், தெரியும். அந்த ஆய்வகத்தாரிடம் ஒரு வாரம் தள்ளிக் கேள், நான் சொன்னதாகவே சொல். புரதக் கோப்புகளை எல்லாம் இறக்கி, மரபணுவுக்கு ஒரு புரத வடிவம் மட்டும் வைத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். உன் பழைய பட்டியலையும் அனுப்பு, எந்தெந்த வரிகள் மாறுகின்றன என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

உன்,
ரா.