கை எட்டும் உயரத்தில் சுவிட்ச் வைத்துக் கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்தத் தடவை எங்கள் வீட்டு கரண்ட் ரீடிங் 468 யூனிட். உறையூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு 500-க்குக் கீழே வந்திருப்பது இதுதான் முதல் தடவை, அம்மா அந்த பில் மெசேஜைத் திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இதற்குப் பின்னால் பலர் இருக்கிறீர்கள். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் நன்றியா தம்பி" என்று தட்டிக்கழிப்பீர்கள், அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

500-க்கு அப்படி என்ன விசேஷம் என்று கேட்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு யூனிட்டுக்கு மானிய விலை. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த இரண்டாவது நூறுக்கான மானிய விலை போய்விடும். ஒரே ஒரு யூனிட் கூடியதற்காக இருநூறு ரூபாய்க்கு மேல் பில் ஏறும். மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிற வீட்டில் அது சின்ன தொகை இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டு சக்கர நாற்காலியில் இருப்பவன். கால் அசையாது, விரல் மடங்காது, தோளும் மணிக்கட்டும் வேலை செய்யும். இதெல்லாம் பார்த்தாலே தெரியும். பார்த்துத் தெரியாத விஷயம் வியர்வை. எங்களைப் போன்றவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, அதனால் சித்திரை வெயிலில் திருச்சி கொதிக்கும்போது உடம்பும் சேர்ந்து சூடேறும், தானாக இறங்காது. "ஏசியக் கொஞ்சம் குறைச்சுக்கலாமே" என்று சொல்கிறவர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது. அப்புறம் படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, அதன் பம்பு இரவு பகல் ஓட வேண்டும். பேட்டரி நாற்காலிக்கு சார்ஜர். பில் எகிறுகிறது என்று பேச்சு வந்தால் போதும், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களின் கண் நேராக அந்தப் பம்பின் மேல்தான் போகும்.

அதனால் முதல் நன்றி எதிர்வீட்டு பாலிடெக்னிக் தம்பிக்கு. பிளக்கில் செருகிப் பார்க்கிற வாட் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொரு பொருளாக அளந்தான். மெத்தைப் பம்பு பத்து வாட்டைக்கூடத் தொடவில்லை, நிற்காமல் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள்தான். நாற்காலியை முழுசாக சார்ஜ் போட ஒரு யூனிட்டே ஆகவில்லை. சீலிங் ஃபேனை அதில் அளக்க முடியாது, ஆனால் பழைய ஃபேன் என்றால் 75 வாட் இருக்கும் என்று கணக்குப் போட்டான்: என் அறையில் மாதிரி நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட்! பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்து உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது, மோட்டார் ஓய்வதே இல்லை. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பிரிட்ஜ் மேலேயே ஒட்டிவிட்டுப் போனான். இப்போது எந்த மாமாவாவது பம்பை முறைத்துப் பார்த்தால் அம்மா அந்தத் தாளைக் காட்டுகிறார்.

எலக்ட்ரீசியன் அண்ணனை எல்இடி பல்பு மாற்றத்தான் கூப்பிட்டோம். அவர் என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பட்டப் பகல்ல ஏன் லைட் எரியுது" என்று கேட்டார். விடிகாலையில் என் தம்பி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவான், அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பிவிட்டால் அணைக்க ஆள் கிடையாது. போர்டு நிற்கிறவர் தோள் உயரத்தில் இருந்தது, அதில் இருந்த சுவிட்சோ விரலால் அழுத்த வேண்டிய பழைய சுவிட்ச். ஏசியும் அப்படித்தான், ரிமோட் நழுவிக் கீழே விழுந்துவிட்டால் குளிர் போதும் போதும் என்றாலும் யாராவது வரும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரச் சிக்கனம் பற்றி நான் படித்த அறிவுரைகள் அத்தனையும் எழுந்து போய் அணைக்க முடிந்தவர்களுக்கு எழுதியவை. என் அறையில் வீணான கரண்ட்டில் பெரும்பகுதி எனக்குக் கை எட்டாததால் வீணானது, இதை அந்த அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார். போர்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்துக்கு இறக்கினார், மணிக்கட்டால் தட்டினாலே விழுகிற அகலமான சுவிட்ச் போட்டார், ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கிற டூ-வே சுவிட்ச் ஒன்றைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். ஃபேனை 30 வாட் பக்கத்தில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேனாக மாற்றச் சொன்னதும் அவர்தான். இன்வெர்ட்டரில் இருந்து மெத்தைப் பம்பு, ஒரு ஃபேன், ஒரு விளக்கு இவற்றுக்கு மட்டும் தனி லைன் இழுத்துவிட்டார். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்துகிற கரண்ட் மதியம் தாண்டியும் வராத நாட்களில் மெத்தை காற்றிறங்கிக் கிடக்குமே என்று அம்மா படபடத்ததெல்லாம் இப்போது இல்லை. கூலி வாங்கும்போது கம்பிக்கும் சாமானுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். மிச்சத்தை எப்படித் தருவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணே.

சுவரை உடைக்க விட்ட வீட்டுக்காரருக்கும் நன்றி. "காலி பண்ணும்போது பழையபடி வைக்கணுமா" என்று அம்மா தயங்கிக் கேட்டதற்கு, "வேண்டாம்மா, வயசானா எனக்கும் அதே உயரம்தான் வசதி" என்றாராம். இதற்கு முன் இருந்த வீட்டில் தனி இணைப்பு கிடையாது, வீட்டுக்காரரே தன் இணைப்பிலிருந்து சப் மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்கினார்கள், இலவச 100 யூனிட் எங்கள் கண்ணில்கூடப் படவில்லை. தனி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள் என்று வாடகை தேடுகிற எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றாட வேலைகளை நானே செய்யப் பழக்கிய ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அக்கா கீசரின் தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைத்ததற்குக் காரணம் மின்சாரம் இல்லை. என் காலுக்குச் சூடு தெரியாது, வெந்நீர் பட்டுத் தோல் வெந்தாலும் பார்த்தால்தான் தெரியும். அந்த பயத்தில் அவர் குறைத்தார், கரண்ட்டும் சேர்ந்து குறைந்தது. ரிமோட்டை ஒரு பலகையில் வெல்க்ரோ ஒட்டிக் கட்டிலோடு கட்டியதும் அவர் வேலைதான்.

மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே பச்சை வலை கட்டிய என் தம்பியின் நண்பர்கள், உங்களுக்கு பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை. ரீடிங் எடுக்க வருகிறவர் மீட்டரில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது நடுவிலேயே போட்டோ எடுத்து எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்கிறோம்.

தண்டுவடம் அடிபட்டவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. ஏசியை 24-ல் வைத்து ஃபேனையும் போடு, ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் வரை மிச்சம் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது, முதலில் உன் உடம்பு தாங்குகிறதா பார் என்று சொன்னவர்கள் நீங்கள். எனக்கு 24 தாங்குகிறது, எல்லோருக்கும் தாங்காது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உடல் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்த முடியாத நோயாளிகளுக்குக் கோடைகால மின்கட்டணத்தில் 17.5 சதவீதம் கழிவு உண்டு என்று குழுவில் ஒருவர் போட்டபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நம் குழுவிலேயே ஒருவர் வீட்டில் அப்பாவுக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருகிற மெஷின், ஓடுகிறது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தருகிற மெஷின் சுமார் 350 வாட், நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் அது ஒன்றே 500 யூனிட். அந்த வீட்டில் எந்த சுவிட்சை எந்த உயரத்துக்கு இறக்கினாலும் மானிய விலை கிடைக்காது. மூச்சுக்கு ஓடுகிற மெஷினின் யூனிட்டைத் தனியாகக் கழித்துவிட்டு மீதிக்குக் கணக்குப் பார்த்தால் என்ன? 2023-ல் சிறிய அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்குக் கட்டணம் குறைத்தார்களே, அதிலும் லிஃப்ட் இல்லாத கட்டிடத்துக்குத்தான் சலுகை. எங்களுக்கு வேண்டியது லிஃப்ட் உள்ள கட்டிடம்! இதை மனுவாக எழுதலாம் என்று பேசியிருக்கிறோம், அதற்கும் உங்கள் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 468 வந்தது மழைக்காலக் கணக்கில். கோடையில் 500-க்குள் வராது, நானும் அதற்கு முயற்சி பண்ணப் போவதில்லை. நீங்கள் யாரும் என்னை அப்படிக் கேட்கவும் இல்லை, உடம்புக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தில்தான் கை வைத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

வாட் மீட்டரைப் பாலிடெக்னிக் தம்பி எங்களிடமே விட்டுவிட்டான். திருச்சிப் பக்கம் யாருக்காவது வேண்டும் என்றால் வந்து வாங்கிக்கொண்டு போங்கள், அளந்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். பிரிட்ஜ் ரப்பரை முதலில் பாருங்கள்.

அன்புடன்,
உறையூரிலிருந்து உங்கள் தம்பி