வானியல் ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் வீட்டிலிருந்தே இதைப் படிக்கப்போகும் பெரும்பான்மை உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளை விதிப்படி உங்கள் முன் வைக்கிறேன். தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கோப்பு எழுதிய கை இது. சில இடங்களில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயற்குழு எட்டு முறை கூடியது. அதில் நான்கு முறை கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருந்தது. நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நிழலில்லா நாள் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் பள்ளி மைதானத்தில் நடத்தப்பட்டது. ஆகஸ்டில் நிழலும் இல்லை, சூரியனும் இல்லை. காவலூருக்கு ஒரு சனிக்கிழமை வேன் வைத்துப் போய் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்து வந்தோம். டிசம்பரில் ஜெமினிட் எரிகற்களை எண்ண உட்கார்ந்தோம். பௌர்ணமியை நெருங்கிய நிலா எங்களை எண்ணவிடவில்லை. ஜனவரிக் கடைசியில் கிரக அணிவகுப்பு என்று தொலைக்காட்சியில் சொன்ன புண்ணியத்தில் நல்ல கூட்டம். கிரகங்கள் ரேஷன் கடை வரிசைபோல ஒட்டி நிற்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு, வெள்ளி மேற்கே, வியாழன் தலைக்கு மேலே, செவ்வாய் கிழக்கே என்று காட்டிக் காட்டியே எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது.

இனி வானோக்குக் கூடம்.

சங்கப் பணத்தில் செயலாளர் தன் வீட்டு மாடியில் அறை எடுத்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உலவுவதை நான் அறிவேன். யார் கிளப்பியது என்பதையும் அறிவேன். அது இந்த அறிக்கைக்குத் தேவையில்லை. சென்ற பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகத்தை மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். நிலையான கூடம் வேண்டும் என்று எல்லோரும் கை தூக்கினோம். யார் மாடியில் என்று தலைவர் கேட்டபோது மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒருவர் வாடகை வீடு என்றார். ஒருவர் மாடி முழுக்கச் சூரியத் தகடு என்றார். இன்னொருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்; பதினான்கு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் என் மாடி வந்தது. என் மனைவி வடாம் காயவைக்கும் மாடி அது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன்.

வீட்டில் வானோக்குக் கூடம் என்பது நம் பக்கத்தில் புதிதும் அல்ல. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சென்னை எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒன்றை அமைத்தார். ஊருக்குத் திரும்பும்போது கருவிகளைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த மெட்ராஸ் வானோக்குக் கூடம். அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. தமிழிலும் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெட்ரி சங்கப் பணத்தைத் தின்றார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் இந்தக் கூட்டத்தில், கூடத்திலுள்ள அனைத்தும் சங்கத்தின் சொத்து என்று முத்திரைத்தாளில் எழுதித் தலைவரிடம் ஒப்படைக்கிறேன். மாடி மட்டும் என்னுடையது.

கட்டிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டும்போது வந்து பார்த்தவர்கள் நால்வர்தான்.

தொலைநோக்கிக்குக் கூரையைவிட முக்கியம் தூண். நம் 8 அங்குல ஆடியை உறுப்பினர்கள் சிலர் கார்போரண்டம் தூளில் மாதக்கணக்கில் தேய்த்து உருவாக்கியது உங்களுக்குத் தெரியும். அதை முக்காலியில் வைத்துப் பார்த்த காலத்தில் இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று, யாராவது நடந்தால் படம் ஆடும். மற்றொன்று நம் ஊருக்கே உரியது. நம் அட்சரேகை பன்னிரண்டரை டிகிரி. துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் மேலே. விண்மீன்கள் அதைச் சுற்றி நகர்வதால், அவற்றைத் தொடரத் தொலைநோக்கியின் சுழல் அச்சும் அதை நோக்கியே இருக்க வேண்டும். அச்சு அவ்வளவு தாழ்வாகப் படுத்தால், எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

என் வீட்டு மாடியில், பிற்காலத்தில் மேல்தளம் எடுக்கலாம் என்று ஒவ்வொரு காலத்தின் (வீட்டைத் தாங்கும் கான்கிரீட் கம்பத்தின்) தலையிலும் கம்பி விட்டு வைத்திருந்தோம். நம் ஊரில் எந்த மாடியில் இல்லை அந்தத் துருப்பிடித்த கம்பி? வடகிழக்குக் காலத்தின் கம்பிகளோடு புதுக் கம்பிகளைக் கட்டி, 10 அங்குல பிளாஸ்டிக் குழாயை நிறுத்தி, உள்ளே கான்கிரீட் கொட்டினோம். அடித்தளம்வரை ஒரே காலம், ஆட்டத்துக்கு வழியில்லை. ஈசானிய மூலையில் கனம் ஏற்றக் கூடாது என்று என் மைத்துனர் சொன்னார். அதே வாஸ்து தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்குக் கன்னி மூலையில் வைத்ததால்தான் வடக்கு வானம் திறந்து கிடந்தது என்று அவருக்கு நன்றி சொன்னேன். அவர் அதை நன்றியாக எடுத்துக்கொள்ளவில்லை.

தூணைச் சுற்றிப் பலகைத் தளம் போட்டோம். பலகை தூணைத் தொடக் கூடாது, அரை அங்குலம் இடைவெளி வேண்டும் என்று தச்சரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் அழகாக ஒட்ட அறுத்துப் பொருத்திவிட்டார். முதல் இரவு பொருளாளர் அவர்கள் உள்ளே காலடி வைத்தார். வியாழன் துள்ளிக் குதித்தது, கூடவே அதன் நான்கு நிலாக்களும். மறுநாள் ரம்பத்தை எடுத்து நானே சுற்றிலும் அறுத்தேன். அதற்குப் பின் பொருளாளர் எவ்வளவு நடந்தாலும் வியாழன் அசைவதில்லை.

கூரை தகரம், நகரும் கூரை. ஸ்லைடிங் கேட்டுக்கு வைக்கும் சக்கரங்களைப் பூட்டி, தண்டவாளம்போல ஆங்கிளின் மேல் ஓட விட்டோம். வெல்டிங் பட்டறைக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சார், கேட்டைப் படுக்க வைக்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான். செப்டம்பரில் ஓர் இடிமழைக் காற்று அந்தக் கேட்டை ஒரு சாண் தூக்கிப் பார்த்தது. இப்போது நான்கு மூலையிலும் லாரிப் பின்கதவுக்குப் போடும் கொக்கிகள் உள்ளன. வெயிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருக்கிறது. இருந்தாலும் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு பத்து மணிவரை அனல் விடும். அதுவரை கிரகங்கள் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத்தான் தெரியும். ஏழு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, சந்தைக் கண்ணாடியே தேவலை என்று சொல்லிப் போன உறுப்பினர் இதைக் கவனிக்கவும்.

கூரை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதில் என் முடிவு விமர்சிக்கப்பட்டது. பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்கள் வடக்கே தள்ளு என்கின்றன. லண்டனில் துருவ நட்சத்திரம் 51 டிகிரி உயரத்தில் நிற்கிறது, அங்கே தள்ளலாம். இங்கே வடக்கே தள்ளினால் கூரை அதை மறைத்துவிடும். தெற்கே தள்ளினால் ஏப்ரல், மே இரவுகளில் நமக்குத் தெரியும் திரிசங்கு என்ற தென்சிலுவை விண்மீன் கூட்டம் போய்விடும். லண்டன்காரன் தன் ஊரிலிருந்து பார்க்கவே முடியாத விண்மீன்களை நாம் ஏன் தகரத்தால் மூட வேண்டும்? கிழக்கே தள்ளினால் உதிப்பது எதுவும் தெரியாது. ஆகவே மேற்கு. ஏற்கெனவே தொட்டி கெடுத்து வைத்த திசை.

கூரை பூட்டிய அடுத்த மாதமே சூச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் வந்தது. மேற்கில்தான் வந்தது. சிரித்தவர்கள் சிரித்தீர்கள். அக்டோபர் நடுவில் பருவமழை தொடங்கி வானம் முழுவதும் மூடிக்கிடந்ததையும், கூரை எந்தத் திசையில் இருந்தாலும் மேகம் அதற்கும் மேலேதான் இருக்கும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு மாலை, கால் மணி நேரம், மேகம் கிழிந்தது. தொட்டியின் மேல் ஏறி நின்று பைனாகுலரில் பார்த்தேன். சாம்பிராணிப் புகை ஒரு கோடாக மேலே போவதுபோல இருந்தது. வாட்ஸாப் குழுவில் உடனே தகவல் போட்டேன். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். வந்தவர் யாருமில்லை.

அக்கம்பக்கத்தார் பற்றியும் சொல்ல வேண்டும். தூண் எழுந்ததும் செல்போன் கோபுரம் வரப்போகிறது என்று தெருவில் கையெழுத்து வாங்கி மனு தயாரானது. மனுவின் வாசகம் எனக்குப் பழக்கப்பட்டதாக இருந்தது; அதில் இரண்டு பிழைகளைத் திருத்திக் கொடுத்து, அவர்களை மாடிக்கு அழைத்து நிலாவைக் காட்டினேன். மனு அத்தோடு நின்றது. வடக்கு வீட்டுத் தென்னை மட்டும் நிற்கவில்லை. ஒரே ஆண்டில் வளர்ந்து, துருவ நட்சத்திரம் நேராக அதன் ஓலைக்குள் போய்விட்டது. வெட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டம்மாள் மாதம் இரண்டு இளநீர் அனுப்புகிறார். ஆகவே அச்சை வேறு வழியில் சரிசெய்கிறோம்: வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் உச்சிக்கோட்டருகே ஒரு விண்மீனைப் பிடித்து, அது மெல்ல வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பார்த்துத் திருகைத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கே ஒரு விண்மீன். முக்கால் மணி நேர வேலை, பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமை யாரிடம் இருக்கிறது என்பதற்குக் கூடத்தின் வருகைப் பதிவேடு சாட்சி. ஆண்டில் 61 இரவுகள் திறந்தோம். 61-லும் என் கையெழுத்து உண்டு, அது என் வீடு, பெருமையில்லை. அடுத்து அதிகம் வந்தது பின்தெருவில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி, 22 இரவுகள், அப்பா துணையோடு. செப்டம்பரில் சனியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, வளையம் எங்கே? பந்தில் ஊசி குத்தினாற்போல் இருக்கிறது" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் வளையத்தை விரித்து வரைந்து முடித்திருந்தவள், அதை அழித்துவிட்டு ஊசியாகவே வரைந்தாள். அதுதான் சரி. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை வளையம் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்புகிறது. இந்த மார்ச்சில் பூமி அந்த வளையத்தின் தளத்தையே கடந்தது. அந்தப் படம் பதிவேட்டில் இருக்கிறது. இப்போது அச்சு சரிசெய்யும் திருகை என்னைவிட நன்றாகத் திருப்புகிறாள். அவள் நம் உறுப்பினர் அல்ல. விதிப்படி வயது போதாது.

வயது போதிய உறுப்பினர்கள் 46 பேர். அவர்களில் 27 பேர் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகாத சந்தா. நினைவூட்டு மடல் மூன்று முறை அனுப்பினேன். ஒருவர், கூடம் எப்போது திறப்பு என்று அதிலேயே பின்குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார். திறப்பு விழாவில் முதல் வரிசையில் அமர்ந்து கேசரி சாப்பிட்டவர் அவர்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக: பழைய இருப்பு, சந்தா, நன்கொடை எல்லாம் சேர்ந்த வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. சில ரசீதுகள் அக்டோபர் மழையில் நனைந்து படிக்க முடியாமல் போயின. தணிக்கையாளர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். சிமெண்ட், கம்பி, தகடு சங்கக் கணக்கு. வெல்டிங் கூலி, பலகை, பெயிண்ட் என் கைப்பணம். அதை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

ஆலோசனை தந்த தலைவர் அவர்களுக்கும், கையெழுத்திட்ட பொருளாளர் அவர்களுக்கும், மைதானம் தந்த பள்ளிக்கும், வேன் ஓட்டுநருக்கும், இந்தக் கூடத்துக்காகக் கொடிக்கயிற்றைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்ட என் மனைவிக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்கு வேலை இருக்கிறது. செப்டம்பர் 7 ஞாயிறு இரவு முழு சந்திர கிரகணம். பதினொரு மணி அளவில் முழுமை தொடங்கி 82 நிமிடம் நிலா சிவந்து நிற்கும், நமக்கு ஏறக்குறைய உச்சி வானில். மழைக்காலம் முழுவதும் ஐபீஸ்களில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லைகளில்) பூஞ்சை பிடிக்காமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் மாற்றி வைக்க ஆள் வேண்டும். மாணவர் சந்தா ஒன்றைப் புகுத்தி விதியைத் திருத்த வேண்டும். அதை நானே முன்மொழிகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மேலே ஒரு தளம் எடுக்கலாம் அப்பா என்கிறான். அந்தக் கம்பிகள் முதலில் அதற்காக விட்டவைதான். இரண்டு ஆண்டு அவகாசம் வாங்கியிருக்கிறேன். புதிதாக வந்த தெருவிளக்குகளின் வெள்ளை வெளிச்சத்தில் ஊருக்குள் இனி பால்வீதியைத் தேடுவதும் வீண்.

ஆலங்காயம் சாலையில், விளக்கே இல்லாத இடத்தில், கிணற்றோடு காலி நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். பெயரை எழுதவில்லை. மூன்று ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவரும் அவரே. ரூபாயாகத் தர வசதிப்படாவிட்டால் சென்ட் கணக்கில் தந்தாலும் சங்கம் ஏற்றுக்கொள்ளும். இரண்டு சென்ட் போதும். தூணை நானே வந்து நிறுத்தித் தருகிறேன்.

அதுவரை கூடத்தின் சாவி என் வீட்டு வாசல் நிலையில், உட்புற ஆணியில் தொங்குகிறது. மாடிப்படி வெளிப்பக்கம். பத்து மணிக்கு மேல் வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்