களப்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் சமூகப் பணி மாணவர்களைக் களப்பயிற்சிக்கு ஏற்கும் அலுவலகத் தலைவர்களுக்கும் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் என்னிடம் மேற்பார்வைக்கு வந்த மாணவி ஒருத்தி தன் களக் குறிப்பேட்டைக் காட்டினாள். நான்கு வாரங்கள் முடிந்திருந்தன. முதல் வாரம், வரவுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டது. இரண்டாம் வாரம், போட்டோப் பிரதி எடுத்தது. மூன்றாம் வாரம், நடமாடும் சேவையில் பதாகை பிடித்தது. நான்காம் வாரத்துக்கு நேரே 'மேற்கூறியவாறே' என்று எழுதியிருந்தாள். சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அது தங்கள் அலுவலகமாகவே தோன்றும்.

இலங்கையில் சமூகப் பணிக் கல்வி 1952இல் தொடங்கியது. 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தை அமைத்தது. 2005இல் பட்டப்படிப்பும் வந்தது. இவ்வளவு காலம் போயும், இரக்க குணம் இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலை இது என்ற எண்ணம் நம்மூரில் மாறவில்லை. உயர்தரத்தில் கலைப்பிரிவு, நல்ல மனம் படைத்த பிள்ளை, ஆகவே சமூகப் பணி படிக்கட்டும் என்கிறோம். இரக்கம் வேண்டும்தான். ஊசி போடும் தாதிக்கும் அது வேண்டும். அதற்காக நரம்பு தேடப் பழக்காமல் ஊசியைக் கையில் கொடுத்துவிடுவதில்லையே.

பழகாமல் ஊசி போட்டவர்களில் நானும் ஒருத்தி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு அடுத்த வாரம், இருபத்திரண்டு வயதில், கையில் ஒரு படிவத்தோடு ஒரு பாடசாலை முகாமுக்குப் போனேன். 'குடும்பத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்?' என்பது ஏழாவது கேள்வி. அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "காலையில் வந்த பிள்ளையிடமும் சொன்னேன், நேற்று வந்த தம்பியிடமும் சொன்னேன். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள் மகள்." எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த அவர் எழுந்து எனக்குத் தண்ணீர் எடுத்து வந்தார். என் மனம் நல்ல மனம்தான். அன்று அதனால் அவருக்கு ஒரு வேலை கூடியதுதான் மிச்சம். அதற்குப் பிறகே முறையாகப் படிக்கப் போனேன்.

படிப்பு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

கடற்கரையோரக் கிராமம் ஒன்றில், பாடசாலையை விட்டு நின்ற ஒரு சிறுவனின் வீட்டுக்கு என் மாணவி ஒருத்தியை அனுப்பினேன். திரும்பி வந்து, 'வீடு பூட்டியிருந்தது, எவரும் இல்லை' என்று எழுதினாள். முற்றத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். யோசித்தாள். கொடியில் உடுப்பு காய்ந்தது. காய்ந்ததா, ஈரமா? நீர் சொட்டிக்கொண்டிருந்தது, அக்கா. அப்படியென்றால்? சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உள்ளே இருந்திருக்கிறார்கள்" என்றாள்.

மறுநாள் கோவையும் தலைக்கவசமும் இல்லாமல், பக்கத்து வீட்டு அம்மாவோடு பின்பக்கமாகப் போனாள். கதவு திறந்தது. "கோவையைப் பார்த்ததும் கிழமைக் கடன் அறவிட வந்த ஆள் என்று நினைத்துவிட்டேன் பிள்ளை" என்றாராம் தாய். நுண்கடன் மூன்று இடங்களில். தவணைக்காக மகன் அதிகாலையில் கரைவலை இழுக்கப் போகிறான். முன்கதவோடு திரும்பியிருந்தால் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று ஒரு வரி எழுதிக் கோவையை மூடியிருப்போம். தனியாள் பணி, குழுப்பணி, சமுதாயப் பணி என்று வகுப்பில் படிப்பது அந்த ஈர உடுப்பில்தான் விளங்குகிறது. ஆனால் அவள் தானாக அதைக் கவனிக்கவில்லை. உட்கார வைத்துக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குப் பெயர்தான் களமேற்பார்வையாளர்.

அமெரிக்காவில் இளங்கலைச் சமூகப் பணி மாணவர் குறைந்தது 400 மணிநேரமும் முதுகலை மாணவர் 900 மணிநேரமும் களத்தில் நின்றாக வேண்டும். மணிக்கணக்கு மட்டும் போதாது என்பதை என் மாணவியின் குறிப்பேடே காட்டும். 400 மணிநேரமும் கோடு போடலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் கிழமைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். கதவைச் சாத்திவிட்டு, தொலைபேசியை எடுக்காமல். அவர்கள் என்ன கேட்டார்கள், எதிரில் இருந்தவர் என்ன சொன்னார், அப்போது தங்கள் மனதில் என்ன ஓடியது, மூன்றையும் எழுதச் சொல்லி வாசியுங்கள். மூன்றாவதை எழுத வெட்கப்படுவார்கள். அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்.

வெருகலிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு பஸ் கட்டணமாவது கொடுங்கள். நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டுச் சாப்பாட்டுக்கும் கையை விரிக்கும் இடங்களை எனக்குத் தெரியும். மாணவிகளைத் தனியாக, முன்னறிமுகம் இல்லாத வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பதை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். 2006 ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்ட மாவட்டம் இது. பணியாளரின் பாதுகாப்பை யாரும் நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உலருணவுப் பொதியை நீட்டியபடி படம் எடுத்து முகநூலில் போடும் வழக்கத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்கிவிடாதீர்கள். பொதி வாங்குகிறவரின் முகம் நம் ஆண்டறிக்கைக்கு உரியதல்ல. இதைச் சொன்னால் கொடையாளர் கேட்கிறார் என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன்.

மேற்பார்வை செய்யப் பயிற்சி பெற்றவர் எங்களிடம் இல்லை என்று சிலர் சொல்கிறீர்கள். அது நியாயமான பதில், ஏற்றுக்கொள்கிறேன். புதன்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. உங்கள் பிள்ளைகளைக் குறிப்பேட்டோடு என் வீட்டுக்கு அனுப்புங்கள். விறாந்தையில் நான்கு கதிரைகள் இருக்கின்றன. ஐந்தாவது ஆள் வந்தால் நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
களமேற்பார்வையாளர் ஒருத்தி,
உப்புவெளி