லேசர் அறை ஏசியை அணைக்காதீர்கள்: நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும் பொறியியல் பிரிவு அதிகாரிகளுக்கும்,

வணக்கம். ஆயுத பூஜையன்று காலையில் எங்கள் லேசருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்தோம். தங்கள் பிரிவிலிருந்தும் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அன்று மாலையே மின்சிக்கனச் சுற்றறிக்கையைக் காட்டி அந்த அறையின் ஏசி நிறுத்தப்பட்டது. விடுமுறை முழுக்க அப்படியே கிடந்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்கெனவே கொடுத்த மனுக்கள் தங்களிடம் இருப்பதால் பழைய கதையைத் திரும்பப் பாடப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான்: லேசர் அறை ஏசி இரவிலும் விடுமுறையிலும் ஓட வேண்டும்.

"ஆளில்லாத அறைக்கு எதற்கு ஏசி?" என்று கேட்டார்களாம். ஏசி ஆளுக்காகத்தான் என்றால் நியாயமான கேள்வி. அந்தக் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார எங்களுக்கும் ஆசை இல்லை, ஐயா.

அங்கே நாங்கள் பார்ப்பது காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்திக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் ஸ்பின்னை. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம்போல ஒரு திசையைக் காட்டும்; அந்தக் குணம்தான் ஸ்பின். கண்ணை வைத்துப் பார்க்கும் மைக்ரோஸ்கோப் இல்லை இது. ஒரு லேசர் துடிப்பு எலக்ட்ரான்களின் ஸ்பின்னை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். பின்னாலேயே வரும் இன்னொரு துடிப்பு படிகத்தில் பட்டுத் திரும்பும்போது அதன் ஒளி அலை அதிரும் தளம் துளியூண்டு திரும்பியிருக்கும். அந்தத் திருப்பத்தை அளந்தால் அந்த இடத்தில் எவ்வளவு ஸ்பின் மிச்சமிருக்கிறது என்று தெரிந்துவிடும். காந்த முனையில் பட்டுத் திரும்பிய ஒளியில் 1877இல் ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஜான் கெர் கண்டதும் இதே விளைவுதான். 2004இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் டேவிட் அவ்ஷலாம் குழுவினர் இதே கெர் திருப்பத்தை அளந்து, 77 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலப் பட்டை ஒன்றை நுணுக்கி நுணுக்கி வருடினார்கள். மின்னோட்டம் பாயும்போது ஒரு விளிம்பில் ஒரு திசை ஸ்பின்னும் எதிர் விளிம்பில் எதிர்த்திசை ஸ்பின்னும் சேர்வது படமாகவே தெரிந்தது. சோவியத் இயற்பியலாளர்கள் தியாகனோவும் பெரலும் 1971இல் கணித்துச் சொன்ன ஸ்பின் ஹால் விளைவு அப்படித்தான் பார்வைக்கு வந்தது. அவர்கள் அளந்த திருப்பம் ஓரிரு மைக்ரோரேடியன். அதாவது ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியின் நுனி ஓரிரு மில்லிமீட்டர் நகரும் கோணம்.

இப்போது ஏசியை அணைத்துப் பாருங்கள். 22 டிகிரியில் இருந்த அறை நம் ஊர்ப் புழுக்கத்தில் 30ஐத் தொட்டுவிடும். ஒரு மீட்டர் அலுமினியம் டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும். லேசரைத் திருப்பிவிட பத்து சென்டிமீட்டர் அலுமினியத் தாங்கியில் நிற்கும் கண்ணாடி இந்த எட்டு டிகிரியில் சுமார் 18 மைக்ரான் மேலே போய்விடும். எங்கள் ஒளிப்புள்ளியின் அகலமே ஒரு மைக்ரான் அளவுதான். மேசையில் கண்ணாடி ஒன்றா, இரண்டா? ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நகர்ந்து, சாய்ந்து, இரண்டு லேசர்ப் புள்ளிகளையும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிடும்.

இந்த முறை அதோடு போகவில்லை. லேசரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயில் 18 டிகிரி தண்ணீர், வெளியே கடலோரத்து ஈரக்காற்று. விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது குழாய் முழுக்க வியர்த்து, சொட்டிய தண்ணீர் மேசையின் திருகுத் துளைகளில் தேங்கியிருந்தது. லேசர் மூடியில் வைத்த குங்குமம் கரைந்து வழிந்து, சிவப்புக் கோடு பவர் சப்ளை வரைக்கும் இறங்கியிருந்தது. மறுநாள் படிகத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் வந்தது, முன்பே பதிவு செய்தபடி. இறக்குமதிச் சரக்கு, கேட்டதும் கிடைக்காது. 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் ஹீலியம் நாங்கள் ஈரம் துடைத்துக் கண்ணாடி திருப்பி முடிக்கும்வரை காத்திருக்குமா? ஒரு அளவீடுகூட எடுக்காமலே தீர்ந்துபோனது. ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய மாணவி ஒருத்தி அடுத்த ஹீலியத்துக்காகத் திரும்பவும் வரிசையில் நிற்கிறாள். மிச்சம் பிடித்த மின்கட்டணம் அந்த ஹீலியத்துக்கு ஈடாகுமா என்று கணக்குப் பிரிவே பார்த்துச் சொல்லட்டும்.

நாட்டில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003 கோடி ரூபாய் என்று 2023இல் அறிவிப்பு வந்தது. நம் வாசலிலும் பேனர் கட்டினோம். பேனருக்கு இரவெல்லாம் விளக்கு எரிகிறது. அதற்குச் சுற்றறிக்கை பொருந்தாது போலிருக்கிறது. அரசு ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையை 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவற்றுக்கு இப்போது 18 சதவீதம். அவ்வளவு வரி கட்டி வாங்கிய கருவியைத்தான் தண்ணீரில் நனைய விடுகிறோம். எங்கள் ஆய்வு உதவித்தொகை என்றைக்கு வரும் என்று எழுத ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

சரி, வரியும் உதவித்தொகையும் தங்கள் கையில் இல்லை என்று தெரியும். சுவிட்ச் தங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். லேசர் அறையின் ஏசி இணைப்பைத் தாழ்வார இணைப்பிலிருந்து பிரித்துத் தாருங்கள். ஜெனரேட்டரோடும் சேர்த்துவிட்டால் நல்லது. மின்சிக்கனச் சுற்றறிக்கையிலிருந்து அந்த ஒரு அறைக்கு எழுத்தில் விலக்கு கொடுங்கள். பராமரிப்புக்காக நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முந்தின நாளே சொல்லுங்கள், கதவில் எங்கள் எண் ஒட்டியிருக்கிறது. நடுராத்திரியில் கூப்பிட்டாலும் வருவோம். தீபாவளி விடுமுறைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை; அதற்குள் உத்தரவு வந்துவிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
லேசர் அறை ஆய்வு மாணவர்கள் சார்பில் ஒருவர்

பி.கு.: சில்லரை நாங்களே நிறுத்தியிருக்கலாமே என்று யோசனை சொன்ன அதிகாரி அவர்களுக்கு: ஏசி நிற்கப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போம்.